பதினொரு ஞாயிறு, ஒரு ஓட்டு வீடு: நண்பர்களை வைத்துக்கொண்டு வீட்டைப் பழுது பார்ப்பது எப்படி

எங்கள் அம்மா வீடு பண்ருட்டிக்குப் பக்கத்தில் முந்திரித் தோப்புகளுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. நீளம் 24 அடி, அகலம் 18 அடி. ஒரு கூடம், ஓர் அறை, அடுக்களை, முன்னால் திண்ணை. செங்கல்லும் மண்சாந்தும் வைத்துக் கட்டிய சுவர், அதன் மேல் சுண்ணாம்புப் பூச்சு, கூரைக்கு மங்களூர் ஓடு. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியபோது தோப்பில் பாதி மரம் போனது. வீட்டுக் கூரையின் தெற்குப் பக்கமும் கலைந்தது. அப்பா கிடைத்த ஓட்டை வைத்து ஒப்பேற்றினார். அப்பா போன பிறகு அந்த ஒப்பேற்றலும் விட்டுப்போய், ஐப்பசி பிறந்தால் அம்மா அடுக்களையில் நாலு பாத்திரம் வைத்துத்தான் சமைப்பார் என்கிற நிலை.

நான் நெய்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். கையில் இருந்தது 1,80,000 ரூபாய். மேஸ்திரி போட்டுக் கொடுத்த கணக்கு அதைப்போல இரண்டு மடங்கு. ஓய்வறையில் சாப்பிடும்போது இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். லேப் அசிஸ்டெண்ட் அக்கா, "கூலியில பாதி சித்தாள் வேலைதானே டீச்சர்? அதை நாங்க வந்து செய்யறோம்" என்றார். அந்தக் கணக்கு சரி. சுமப்பது, கழுவுவது, சுரண்டுவது, தேய்ப்பது, வெள்ளையடிப்பது எல்லாவற்றையும் நாங்கள் எடுத்துக்கொண்டோம். பங்குனி கடைசியில் தொடங்கி ஆனியில் முடித்தோம். பதினொரு ஞாயிறு ஆனது. செலவு 1,64,000. இதே மாதிரி ஒரு வீட்டைக் கையில் எடுக்க நினைக்கிறவர்களுக்காக, என்ன செய்தோம், எதை மாற்றிச் செய்திருக்கலாம் என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. நண்பர்களுக்குக் கொடுக்கிற வேலை, காலையில் தொடங்கி அன்றைக்கே முடிகிற வேலையாக இருக்க வேண்டும். அவர்களுக்கு வேலை தெரியுமா தெரியாதா என்பதைவிட இதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. கூலிக்கு வருகிறவர் நாளைக்கும் வருவார். நண்பர் அடுத்த ஞாயிறுதான் வருவார், அதுவும் வீட்டில் யாருக்கும் காய்ச்சல் வராமல் இருந்தால். பாதியில் நிற்கும் வேலையோடு ஆறு நாள் குடியிருக்கப் போவது வீட்டில் இருப்பவர். எங்கள் விஷயத்தில் அது 68 வயது அம்மா. இந்த ஒன்றை நான் ஒருமுறை மறந்தேன். அதை ஓடு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

மேஸ்திரிக்கு ஒரு நாள் கூலி கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்

மேஸ்திரியை மதிப்புப் போட மட்டும் கூப்பிட்டால் பத்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு ஒரு தொகை சொல்வார். நான் ஒரு நாள் கூலியைக் கையில் கொடுத்து, "இன்னைக்கு வேலை வேணாம், வீட்டை மட்டும் முழுசா பாருங்க" என்றேன். சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதானவர். ஏணி போட்டு, கூரையைத் தாங்குகிற சாய்வு மரமான வாரை ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தார், சந்தேகம் வந்த இடத்தில் ஸ்க்ரூ டிரைவரைக் குத்திப் பார்த்தார். பனை வாரைகளில் இரண்டில் குத்திய இடம் பொசுக்கென்று உள்ளே போனது. கரையான். மற்றதெல்லாம் இரும்பு மாதிரி இருந்தது. சுவரின் மேல்விளிம்பில் வாரை வந்து உட்காரும் இடங்களை ஒவ்வொன்றாகக் கையை விட்டுத் தடவினார், ஈரம் முதலில் அங்கேதான் தங்கும் என்றார்.

அன்று சாயந்திரம் திண்ணையில் உட்கார்ந்து, தினசரி காலண்டர் தாள்களின் பின்பக்கம் ஒரு தாளுக்கு ஒரு வேலை என்று எழுதினோம். பிறகு அதை இரண்டு கட்டாகப் பிரித்தோம். கூரை மேல் ஏறுவது, வாரை மாற்றுவது, சுவர் பூசுவது, வயரிங் எல்லாம் கூலிக்கு. மற்றது நமக்கு. வயரிங்கை எந்த நண்பர் "எனக்குத் தெரியும்" என்றாலும் கொடுக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் ஒருவர் வந்து செய்யட்டும். கம்பத்திலிருந்து வீட்டுக்கு வருகிற சர்வீஸ் வயர் பெரும்பாலும் கூரையை ஒட்டித்தான் போகும். மெயின் சுவிட்சை அணைத்தாலும் அதில் மின்சாரம் இருக்கும். ஓட்டில் கை வைப்பதற்கு முன்னால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லி அதற்கு வழி செய்துகொள்ளுங்கள்.

எப்படிக் கூப்பிடுவது

"ஒரு நாள் வந்து ஒத்தாசை பண்ணுங்க" என்று கேட்டால் எல்லோரும் சரி என்பார்கள், ஒருவரும் வரமாட்டார்கள். "வர்ற ஞாயிறு காலையில ஆறரையிலேர்ந்து பத்தரை வரைக்கும் ஓடு கழுவணும். தண்ணியில நிக்கணும். முடியுமாக்கா?" என்று கேட்டால் முடியும், முடியாது என்று நேராகப் பதில் வரும். முடியாது என்கிறவரிடம் காரணம் கேட்காதீர்கள். எங்களோடு கடைசிவரை வந்தவர்கள் ஆறு பேர்: லேப் அக்கா, அவர் வீட்டுக்காரர், தமிழய்யா, என்னோடு பி.எட். படித்த இரண்டு தோழிகள், அதில் ஒருத்தியின் தம்பி. வந்து போனவர்கள் இன்னும் எட்டுப் பேர்.

உடம்பைப் பற்றி முதலிலேயே கேட்டுவிடுங்கள். தமிழய்யாவுக்கு இடுப்பில் தொந்தரவு, குனிந்து தூக்கக் கூடாது. ஒரு தோழிக்குத் தூசி பட்டால் இழுப்பு வரும். இது தெரிந்ததால் அய்யாவை உட்கார்ந்து ஓடு தட்டிப் பார்க்கும் வேலைக்கும், அவளைப் பூச்சு இடிக்கும் நாளில் சந்தைக்கும் அனுப்பினேன். கேட்காமல் விட்டிருந்தால் இருவருமே கூச்சப்பட்டுக்கொண்டு செய்திருப்பார்கள்.

சுவரை முதலில் திறந்து வையுங்கள்

கூரை ஒழுகுகிறது, அதனால் கூரையிலிருந்து தொடங்க வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். மேஸ்திரி முதல் இரண்டு ஞாயிறையும் சுவருக்குக் கேட்டார். எங்கள் சுவரில் தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்கு எப்போதோ சிமெண்ட் பூசியிருந்தார்கள். ஓதம் ஏறுகிறது என்று பூசியதுதான். ஆனால் மண்சாந்துச் சுவருக்குள் ஏறிய ஈரம் சுண்ணாம்புப் பூச்சு வழியாக மெல்ல வெளியே போய்விடும், சிமெண்ட் வழியாகப் போகாது. உள்ளேயே நின்று, சிமெண்ட் முடிகிற கோட்டுக்கு மேலே வந்து உப்புப் பூக்கும். எங்கள் கூடத்தில் அந்த மூன்றடிக் கோட்டுக்கு மேலே வெள்ளையாக உதிர்ந்துகொண்டிருந்ததற்குக் காரணம் அதுதான்.

உளியைச் சாய்த்துப் பிடித்து, சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் சிமெண்ட் பலகை பலகையாக வந்துவிடும். நேராகப் பிடித்து ஓங்கி அடித்தால் பின்னால் இருக்கும் செங்கல்லும் சேர்ந்து பெயரும். இடிக்கும் முன் சுவரில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள், தூசி அடங்கும். துணி கட்டிக்கொண்டால் போதாது, தூசிக்கென்று விற்கிற மாஸ்க் வாங்குங்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். இரண்டு ஞாயிறில் நாலு பக்கமும் பெயர்த்துவிட்டோம். பின்னாலிருந்த செங்கல் கை வைத்தால் சில்லென்று இருந்தது. அடுத்த ஐந்து வாரம் நாங்கள் கூரையில் இருந்தபோது சுவர் தானாகக் காய்ந்துகொண்டிருந்தது. வெயில் காலத்தில் தொடங்கியது இதற்காகத்தான்.

ஓடு

ஓட்டு வேலைதான் பெரிய வேலை, நண்பர்கள் கூட்டம் உண்மையாகத் தேவைப்படுவதும் இதற்குத்தான். 100 சதுர அடியைச் சதுரம் என்பார்கள். ஒரு சதுரத்துக்கு ஏறக்குறைய 150 ஓடு பிடிக்கும். சுவருக்கு வெளியே நீளுகிற இறவாரத்தையும் சேர்த்தால் எங்கள் கூரை ஆறு சதுரம், அதாவது 900 ஓடு. ஓர் ஓடு இரண்டரைக் கிலோ என்று வைத்துக்கொண்டால் 2,250 கிலோ. அதை இறக்கவும் வேண்டும், மறுபடி ஏற்றவும் வேண்டும். ஆக நாலரை டன். இந்தக் கணக்கை முதல் நாளே எல்லோரிடமும் சொன்னேன். எவ்வளவு என்று தெரிந்தால்தான் ஒருவர் மூச்சு வாங்கும்போது இன்னொருவர் கை மாற்றிக்கொள்வார்.

மேலே மேஸ்திரியின் ஆட்கள் இரண்டு பேர் மட்டும். அவர்கள் ஓட்டில் கால் வைக்காமல், வாரைகளுக்குக் குறுக்கே பலகை போட்டு அதில் நின்றார்கள். ஏணியில் ஒருவர், தரையில் வரிசையாக நாங்கள். ஓட்டைக் கையிலிருந்து கைக்கு மாற்றுவதுதான், தூக்கிப் போட்டுப் பிடிப்பது கிடையாது. இரண்டு ஓடு என்றால் இரண்டு ஓடு, மூன்றாவது வேண்டாம். காலையில் மூன்று வாங்கினவர்கள் மத்தியானம் ஒன்றைக்கூட வாங்க முடியாமல் உட்கார்ந்தார்கள்.

இறவாரத்திலிருந்து கூரையின் உச்சியான மோடு வரை நாலடி அகலத்துக்கு ஒரு பட்டை என்று பிரித்துக்கொண்டோம். ஒரு பட்டைக்கு 70 ஓடு வரும். பிரிக்கும்போது மோட்டிலிருந்து கீழே வர வேண்டும், அடுக்கும்போது இறவாரத்திலிருந்து மேலே போக வேண்டும். ஒரு பட்டையைப் பிரித்து, ஓடு உட்காருகிற குறுக்குச் சட்டமான ரீப்பரை ஆசாரி மாற்றி, ஓடு போட்டு மூடிய பிறகே அடுத்த பட்டை. ஒரு ஞாயிறுக்கு மூன்று பட்டை. மொத்தம் 13 பட்டை என்பதால் ஐந்து ஞாயிறு.

மூன்றாவது கூரை ஞாயிறு பதினொரு பேர் வந்துவிட்டார்கள். இவ்வளவு பேரைச் சும்மா நிற்க வைப்பானேன் என்று ஐந்து பட்டையை ஒரே நேரத்தில் பிரிக்கச் சொன்னேன். மேஸ்திரி ஒருமுறை வேண்டாம் என்றார், நான் கேட்கவில்லை. மூன்றரை மணிக்கு மேற்கே கறுத்தது. கோடை மழைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? தார்ப்பாய் வாங்கி வைத்திருந்தேன், ஆனால் அது தோழியின் வீட்டில், அடுத்த ஊரில். பதினொரு பேரும் வீட்டுக்குள் ஓடி அரிசி மூட்டையையும் பீரோவையும் திண்ணைக்கு இழுத்தோம். அப்பா படுத்திருந்த கட்டில் நனைந்தது. காய்ந்துகொண்டிருந்த சுவரில் ஒரு பக்கம் மறுபடி ஈரமானது. அம்மா எதுவும் சொல்லவில்லை. கட்டிலைத் துடைத்துக்கொண்டே இருந்தார். அந்த ராத்திரி அம்மாவை நெய்வேலிக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அதனால் இரண்டு விஷயம். ஆள் எத்தனை பேர் வந்தாலும் பட்டை மூன்றுதான். மிச்சம் உள்ளவர்களுக்கு ஓடு கழுவ, ஆணி பிடுங்க, ரீப்பருக்கு எண்ணெய் அடிக்க என்று தரையில் வேலை இருக்கிறது. அப்புறம், முதல் ஓட்டை எடுப்பதற்கு முன் தார்ப்பாயை மோட்டில் சுருட்டிக் கயிறு கட்டி வைத்துவிடுங்கள். இழுத்தால் விரிய வேண்டும்.

இறக்கிய ஓட்டைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் பாசி போய்விடும். பிறகு ஒவ்வொன்றையும் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். நல்ல ஓடு டங்கென்று மணி மாதிரி பேசும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொப்பென்று அடங்கிப்போகும். தமிழய்யா முக்காலி போட்டு உட்கார்ந்து 900 ஓட்டையும் தட்டினார். மூன்றாவது வாரம் அவர் தலையைக்கூடத் திருப்பாமல், பக்கத்தில் யாரோ கீழே வைத்த ஓட்டின் சத்தத்தைக் கேட்டே "அது ஆகாது" என்றார். 130 ஓடு கழிந்தது. ஓட்டைப் படுக்கவைத்து அடுக்காதீர்கள், அடியில் இருப்பது உடையும். சுவரோரம் விளிம்பில் நிற்கவைத்து அடுக்குங்கள்.

கழிந்த 130-க்குப் பதில் பழைய ஓடு தேடியபோது ஒரு விஷயம் தெரிந்துகொண்டேன். மங்களூர் ஓட்டின் அடிப்பக்கத்தில் அதைச் செய்த தொழிற்சாலையின் பெயரும் ஊரும் முத்திரையாக இருக்கும். 1865-இல் பாசல் மிஷன் என்கிற கிறிஸ்தவ அமைப்பின் ஆட்கள் மங்களூரில் முதல் தொழிற்சாலையைத் தொடங்கிய பிறகு, பல ஊர்களில் பலர் இதே வடிவத்தில் செய்யத் தொடங்கினார்கள். பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கும். ஆனால் பக்கத்து ஓட்டோடு கோத்துக்கொள்ளும் காடி, கம்பெனிக்குக் கம்பெனி மயிரிழை மாறும். மாற்றிப் போட்டால் சரியாக உட்காராது, அந்த இடுக்கில் சாரல் இறங்கும். அப்பா தானே புயலுக்குப் பிறகு ஒப்பேற்றிய தெற்குப் பக்கம் அவ்வளவு ஒழுகியதற்குக் காரணம், அங்கே மூன்று முத்திரை கலந்திருந்தது. வீடு இடிக்கிற இடத்தில் பழைய ஓடு வாங்கப் போகும்போது உங்கள் ஓடு ஒன்றைக் கையோடு எடுத்துப் போய், கோத்துப் பார்த்து வாங்குங்கள். ஒரே முத்திரை போதாமல் போனால், வேறு முத்திரை ஓட்டை ஒரு பக்கக் கூரைக்கு மொத்தமாகப் போட்டுவிடுங்கள், கலக்காதீர்கள். நாங்கள் திண்ணைப் பக்கத்துக்கு அப்படிச் செய்தோம்.

அடுக்களைக்கு மேலே இரண்டு கண்ணாடி ஓடு போட்டோம். அம்மா இப்போது பகலில் லைட் போடுவதில்லை.

முந்திரி எண்ணெய்

எங்கள் பக்கத்தில் கூரை மரத்துக்கு முந்திரிக்கொட்டை எண்ணெய்தான் அடிப்பார்கள். பருப்பு எடுத்த பிறகு முந்திரிக்கொட்டையின் மேல்தோட்டிலிருந்து வருகிற கறுப்பு எண்ணெய். கரையான் அண்டாது. இதை நண்பர்கள் செய்யலாம், ஆனால் மிகுந்த கவனம் வேண்டும். தோலில் பட்டால் வெந்து கொப்புளம் போட்டுவிடும். முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். அவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள்.

நாங்கள் புது ரீப்பர்களைத் தரையில் செங்கல் மேல் வைத்து, எண்ணெய் அடித்து, ஒரு வாரம் வெயிலில் போட்டுவிட்டுத்தான் மேலே ஏற்றினோம். தலைக்கு மேல் இருக்கிற மரத்துக்குக் கீழே நின்று அடித்தால் முகத்தில் சொட்டும். ஆகவே பழைய வாரைகளுக்குப் பட்டை திறந்திருக்கும்போது மேலிருந்தே ஆசாரி அடித்தார். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறை, முழுக்கைச் சட்டை, உள்ளே தேங்காய் எண்ணெய். தோழியின் தம்பி குட்டைக் கையுறை போட்டிருந்தான். மணிக்கட்டில் ஒரு வளையம் மாதிரி கொப்புளம் வந்து ஆற மூன்று வாரம் ஆனது. சின்னப் பிள்ளைகளை அன்று வீட்டுப் பக்கமே விடாதீர்கள்.

பழைய ரீப்பரில் இருக்கும் ஆணி இன்னொரு ஆபத்து. பிடுங்கிய ஆணியைப் போட ஒரு வாளி, சாயந்திரம் தரையைத் துழாவ ஒரு காந்தம். லேப் அக்கா பள்ளியிலிருந்து காந்தத்தை எடுத்து வந்தார். அப்படியும் ஒரு ஆணி அவர் வீட்டுக்காரரின் செருப்பைத் துளைத்தது. உடனே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டி.டி. ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். எல்லோருக்கும் மூடிய ஷூ கட்டாயம் என்று முதல் வாரமே சொல்லியிருக்க வேண்டும்.

பூச்சும் வெள்ளையும்

கூரை முடிந்த பிறகு சுவர்ப் பூச்சை மேஸ்திரி வார நாட்களில் செய்தார். ஒரு பங்கு சுண்ணாம்பு, மூன்று பங்கு மணல், மெல்லியதாக இரண்டு தடவை. இது நண்பர்கள் கற்றுக்கொண்டு செய்கிற வேலை இல்லை. பூசிய சுவர் வெயிலில் சட்டென்று காய்ந்தால் வெடிக்கும், அதனால் அம்மா காலையும் மாலையும் தண்ணீர் தெளித்து ஈரச் சாக்குத் தொங்கவிட்டார்.

வெள்ளையடிப்பது முழுக்க எங்களுடையது. மூன்று ஞாயிறு. பெயிண்ட் வாங்கி அடித்துவிடலாமே என்று சிலர் கேட்டார்கள். இவ்வளவு பாடுபட்டுச் சுவரை மூச்சுவிட வைத்த பிறகு பெயிண்டை அடித்து மறுபடி அடைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிளிஞ்சல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்ற வேண்டும். இரும்பு டிரம்மில் பாதிக்குத் தண்ணீர் ஊற்றி, சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். போட்டதும் புகைந்து கொதிக்கும், தெறிக்கும். முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது, நீளக் கழியால் கிளற வேண்டும். பிளாஸ்டிக் வாளி சூட்டில் இளகிவிடும். அலுமினியப் பாத்திரத்தைச் சுண்ணாம்பு அரிக்கும். சனிக்கிழமை நீற்றி மூடி வைத்து, ஞாயிறு காலை பழைய வேட்டியில் வடிகட்டினோம். பால் பதம் போதும். கெட்டியாக அடித்தால் சீக்கிரம் முடியும் என்று தோன்றும், ஆனால் கெட்டியானது பொருக்கு விட்டு உதிரும். வடித்த கஞ்சி ஒரு செம்பு, உப்பு ஒரு கைப்பிடி. கடைசித் தடவைக்கு மட்டும் துளி நீலம்.

சுவரில் தண்ணீர் தெளித்து, ஈரம் உள்ளே இழுத்ததும் வெள்ளையடிக்கிற மட்டையை வையுங்கள். முதல் தடவை குறுக்கே, இரண்டாவது நெடுக்கே, மூன்றாவது மறுபடி குறுக்கே. அடித்தவுடன் பார்த்தால் ஒன்றுமே அடிக்காத மாதிரி சுவர் அப்படியே தெரியும். தமிழய்யாவே "இது தண்ணியால்ல இருக்குது?" என்று இன்னொரு தடவை மேலேயே இழுக்கப் போனார். லேப் அக்கா அவர் கையைப் பிடித்து நிறுத்தி, டீ குடிக்கக் கூப்பிட்டுப் போனார். முக்கால் மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தபோது, கூடத்தின் கிழக்குச் சுவர் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெளுத்துக்கொண்டு வந்தது. நாங்கள் ஏழு பேரும் வாசற்படியில் நின்று பார்த்தோம். சுண்ணாம்பு காற்றிலிருந்து கரியமில வாயுவை எடுத்துக்கொண்டு மறுபடி கல்லாகிறது, அதனால் நாளாக நாளாக இன்னும் வெளுக்கும் என்று அக்கா பிள்ளைகளுக்குச் சொல்கிற மாதிரியே சொன்னார்.

கண்ணாடி போடாமல் யாரும் மட்டையைத் தொடக் கூடாது. கூரை ஓரம் அடிக்கும்போது சொட்டு நேராகக் கண்ணுக்கு வரும். கண்ணில் சுண்ணாம்பு விழுந்தால் கசக்காதீர்கள். நல்ல தண்ணீரைக் குறைந்தது 15 நிமிடம் விடாமல் ஊற்றிக் கழுவி, நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். இதற்கென்றே ஒரு குடம் சுத்தமான தண்ணீரை ஒவ்வொரு அறையிலும் வைத்திருந்தோம்.

கதவு ஜன்னலை உப்புத்தாளால் தேய்த்து ஆளிவிதை எண்ணெய் பூசினோம். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் காயப் போடுங்கள். சிவப்புச் சிமெண்ட் தரையைத் தொடவே இல்லை. விரிசல் இருந்தாலும் ஐம்பது வருடம் நடந்து வழவழப்பான தரை அது. கழுவித் துடைத்ததோடு சரி.

சாப்பாடும் நோட்டும்

கூரை வேலை காலை ஆறரைக்குத் தொடங்கிப் பத்தரைக்கு நிற்கும். அதற்குமேல் சித்திரை வெயிலில் ஓட்டைத் தொட முடியாது. மறுபடி மூன்றரையிலிருந்து ஐந்தரை. இடையில் பலா மரத்தடியில் படுத்துக்கொள்ளலாம். காலையில் வந்ததும் கம்பங்கூழும் மோர் மிளகாயும், மத்தியானம் சோறு. அம்மா ஒவ்வொரு ஞாயிறும் சமைத்தார். நாலாவது வாரம் அவர் களைத்துப்போனது தெரிந்ததும், சாப்பாட்டை ஆளுக்கு ஒரு வாரம் என்று மாற்றினோம். உதவிக்கு வருகிறவர்களுக்குச் சமைத்துப் போடுவதே வீட்டில் இருப்பவருக்குத் தனி வேலையாகிவிடும். இதை முதலிலேயே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பஸ் காசு, பெட்ரோல் காசு நான் கொடுத்தேன். மறுத்தவர்களின் பையில் வைத்தேன். கூலி பேசவில்லை. ஆனால் ஒரு நோட்டு போட்டேன். கல்யாண வீட்டில் மொய் எழுதுவது மாதிரி, யார், எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், என்ன வேலை என்று அன்றன்றைக்கே எழுதினேன். மொய் திருப்பிச் செய்ய வேண்டியது. இதையும் அப்படித்தான் வைத்திருக்கிறேன். தமிழய்யா 61 மணி நேரம். லேப் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் சேர்த்து 140. தோழியின் தம்பிக்குக் கொப்புளத்தோடு சேர்த்து 52.

ஐப்பசி மழையில் அடுக்களையில் ஒரு சொட்டு விழவில்லை. அறையில் மட்டும் ஒரு மூலையில் கசிந்தது. மோட்டு ஓட்டின் சாந்து அங்கே வெடித்திருந்தது. மேஸ்திரி வந்து பூசிவிட்டுப் போனார்.

வருகிற ஞாயிறு குறிஞ்சிப்பாடிப் பக்கம் லேப் அக்காவின் மாமியார் வீடு. அங்கே நாட்டு ஓடு, காடி கிடையாது, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து அடுக்குவது. கைக்கு அடக்கமாக இருக்கும், ஆனால் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல் வரும். தார்ப்பாயை நேற்றே அங்கே கொண்டுபோய்ப் போட்டுவிட்டேன். அம்மாவும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார், தனக்கு ஓடு தட்டிப் பார்க்கிற வேலை வேண்டுமாம்.